சூடாக இருந்த இன்ஜின்

அன்பு மகன் ஜாவித்துக்கு, பாலக்கரையிலிருந்து உன் அத்தா சலாம் சொல்லி எழுதச் சொல்வது. நானும் உன் அம்மாவும் அல்லாஹ் கிருபையில் சுகமாயிருக்கிறோம். நீ சுகம் என்று போனில் சொல்வதைத்தான் கொஞ்ச நாளாக நான் நம்புவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வஹீதா எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்பும் ஹாலித் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

நீ பார்க்கச் சொன்ன இரண்டு வண்டிகளையும் ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்தேன். பழைய பைக் வாங்கி விற்கும் அந்த ரெங்கராஜ் ராஜ்தூத் 350-ஐ முன்னால் நிறுத்தி, ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும் பாய் என்று உதைத்தும் காட்டினான். ஆனது. நான் இன்ஜினைத் தொட்டேன், கை சுட்டது. வரேன்னு சொல்லிவிட்டுப் போனது என் தப்பு, முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். அவன் அப்பா புதிதாக வாங்கிய வண்டியாம். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நம்பர் பிளேட்டின் உருவம் மறக்காது, நம் தெரு முனை எக்ஸ்ரே டாக்டர் வைத்திருந்த அதே வண்டி. மழையில் நின்றுபோனால் அதை அவர் தள்ளிக்கொண்டுதான் வருவார். அன்றைக்கு அப்படியே திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, சொல்லாமல் போய் நின்றேன். ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா பாய் என்றான். ஆறின வண்டியை உதைங்க தம்பி என்றேன். சட்டை நனைகிற வரை உதைத்தான், ராஜ்தூத் புகையைத்தான் கக்கியது. பக்கத்தில் பெயின்ட் உரிந்து கிடந்த, நீ சொன்ன இன்னொரு வண்டி யெஸ்டி, உதைக்கிற கம்பியையே திருப்பி கியராக மிதிப்பார்களே அது, மூன்றாம் உதையில் பிடித்துக்கொண்டது. கீழே எண்ணெய் சொட்டுகிறது, ஆனால் அதை அவன் மறைக்கவில்லை. ராஜ்தூத் நிறுத்தி வைத்து நாலு பேருக்குக் காட்டுகிறவனுக்கு. வேகம் உண்டு, அழகும் உண்டு, பெட்ரோலைக் குடித்துவிடும். யெஸ்டி ஓட்டுகிறவனுக்கு.

இப்போது உன் விஷயம். பழைய வண்டியை வாங்கி வைத்தால் விலை ஏறும் அத்தா என்றுதான் நீ சொன்னாய். ஆனால் கேட்டதெல்லாம் என்ன? தினம் துவாக்குடி தொழிற்பேட்டை வரை போய் வரத் தாங்குமா, உதிரி பாகம் திருச்சியிலேயே கிடைக்குமா, அம்மா பின்னால் உட்கார முடியுமா. ஒரு மாத லீவில் வருகிறவன் இதையா கேட்பான்? வேலை நாளில் நடுப்பகலில் போன் போடுகிறாய், பின்னால் மிஷின் சத்தமே இல்லை. முன்பு அந்தச் சத்தத்தில் உன் பேச்சே கேட்காது. நீயும் எனக்காக இன்ஜினைச் சூடாக்கி வைத்துத்தான் பேசுகிறாய். வேலை போய்விட்டதா ஜாவித்?

இதைச் சொன்னதும் வஹீதா பேனாவை நிறுத்திவிட்டாள். ஆக, இவளுக்கும் தெரியும். எழுதும்மா என்று அதட்டித்தான் இதற்கு மேல் எழுதுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான், உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். யெஸ்டியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ரெங்கராஜிடம் சொல்லியிருக்கிறேன். அவனையும் நம்ப முடியாது, சீக்கிரம் வா.

இப்படிக்கு
உன் அத்தா
ஷேக் தாவூது