தானாக அடிக்கும் கீபோர்டு

மார்ச் 4, செவ்வாய்

கல்யாணத்துக்கு முன்னால் விட்ட வேலை இப்போதுதான் கைக்குத் திரும்பியிருக்கிறது. மருத்துவ ஆவணப்படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் வரிகள் எழுத வேண்டும். இன்று டீ எடுத்துக்கொண்டு திரும்பினால் லேப்டாப் தானாக அடித்துக்கொண்டிருக்கிறது. திரை முழுக்க ல்லல்லல்லல. அழிக்க அழிக்க அடிக்கிறது.

மார்ச் 5, புதன்

“நீ எதையாச்சும் கொட்டியிருப்ப” என்றார் இவர். கொட்டவில்லை. “டீ குடிச்சுக்கிட்டேதானே வேலை பாக்குற?” குடித்தேன். கொட்டவில்லை. இரண்டும் ஒன்றா? கவிழ்த்துத் தட்டினேன். கொஞ்சம் பிஸ்கட் தூளும் ஒரு செத்த எறும்பும் விழுந்தன. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி தலையாட்டினார்.

மார்ச் 7, வெள்ளி

கொழுந்தனார் போனில் வைத்தியம் பார்த்தார். “வைரஸ்தான் அண்ணி, சந்தேகமே இல்ல.” மதியம் முழுக்கத் தேடியும் வைரஸ் இல்லை. எதையோ நீக்கச் சொன்னார், நீக்கினேன். அணைத்துப் போடச் சொன்னார், போட்டேன். இப்போது கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே புள்ளி புள்ளியாக அதுவே நிரப்பிக்கொள்கிறது. என் லேப்டாப்புக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை.

மார்ச் 8, சனி

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “கீபோர்டு போயிடுச்சு மேடம், ஆர்டர் போடணும்” என்றார். அதுவரைக்கும் தனியாக ஒரு கீபோர்டு வாங்கிச் செருகினேன். அது கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துக் கடவுச்சொல்லை அடித்து உள்ளே நுழைந்துவிட்டேன். இப்போது ஒன்றில் நான் அடிக்கிறேன், இன்னொன்றில் அது அடிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

எல்லா ‘ல’வையும் பொறுக்கி எடுத்துவிட்டதாக நினைத்துத்தான் அனுப்பினேன். வேலை கொடுத்த எடிட்டரம்மா போனில் கூப்பிட்டார்.

“கட்டிய முழுசா எடுத்துட்டோம்னு சொல்லிட்டு டாக்டர் ஏங்க ‘லல்லல்லா’ன்னு பாடுறாரு?”

கீபோர்டு தானாக அடிக்கிறது என்றேன். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

“வியாழக்கிழமைக்குள்ள சுத்தமா வரணும். இல்லன்னா வேற ஆள பாத்துக்கறேன்.”

இவரிடம் சொன்னேன். “உனக்கு எதுக்கு இந்தத் தலவலி? விட்டுடேன்” என்றார். எதை விட? எத்தனை வருஷம் கழித்து என் பெயருக்கு ஒரு வேலை வந்திருக்கிறது — விட்டுடேனாம். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். போயும் போயும் ஒரு எழுத்துக்காக.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்து அடித்தபோது லேப்டாப் ஆடியது. மேசைதான் ஆடுகிறதென்று காலுக்கடியில் அட்டை வைத்தேன். மேசை ஆடவில்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். அடிவயிறு உப்பியிருக்கிறது. கீழ்வரிசை எழுத்துகள் மேலே தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுச் சொன்னேன்.

“மேடம், சார்ஜர்லயா இருக்கு?”

“ஆமா.”

“மொதல்ல கழட்டுங்க. பேட்டரி உப்பிருச்சு, அதான் கீழேருந்து அழுத்துது. ஆன் பண்ணாதீங்க, அமுக்காதீங்க. தீப்பிடிச்சுக்கும்.”

ஒவ்வொரு ராத்திரியும் அதை மகள் படுக்கும் கட்டிலில், அவள் தலைமாட்டில்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன்.

இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லேப்டாப்பை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு போய்ப் பால்கனியில் வெறும் தரையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“டீ இல்ல” என்றார்.

“டீ இல்ல” என்றேன்.

மார்ச் 12, புதன்

கடைக்காரரே வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். கோப்புகள் பிழைத்துவிட்டன, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

மார்ச் 13, வியாழன்

சின்ன அறையில் இருக்கும் தன் கணினியை இவர் யாரையும் தொடவிட்டதில்லை. இன்று காலை தன் பொருள்களை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை என் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சரிபார்த்தேன். பாதிப் படம் தாண்டும்போது கதவை மகள் தட்டினாள். எழுந்தேன்.

வெளியே இவர் குரல் கேட்டது. “தட்டாதம்மா. அம்மா ஆபீஸ்ல இருக்கா. என்ன வேணும்னு என்கிட்ட கேளு.”

திரும்ப உட்கார்ந்தேன்.