சம்பவமா, ஆளா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ மேடையில் பேசினதை போனில் பார்த்தேன். கதைக்குச் சம்பவம்தான் முதலில், ஆள் அதற்குப் பின்னால் தானாக வருவான் என்றாய். எட்டாவதையே இரண்டு தடவை படித்தவனுக்கு இன்னா தெரியும்? தலையாட்டினேன்.

பிறகு உன் கதையையும் படித்தேன். அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிரை விடுகிறாள். லாரி ஓட்டுகிற அப்பன் கருங்குழியில் குடித்துவிட்டுக் கிடக்கிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்குத் தெரிந்து நான் குடிக்காத ஒரே நாள் அது. அதையும் பிடுங்கிக்கொண்டாயே!

அன்றைக்கு நான் வந்துவிட்டேன். வார்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

"உங்கப்பா வந்துட்டாரா பாரு" என்று உங்கம்மா கேட்டாள்.

"வந்துகினே இருக்காரும்மா" என்றாய் நீ.

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டேன்.

குடித்துவிட்டுக் கிடந்தேன் என்று நினைத்துத்தான் மூன்று வருஷமாக நீ வூட்டுப் பக்கம் வரவில்லை. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பயந்தாங்கொள்ளியைவிடக் குடிகாரன் கொஞ்சம் கௌரவம்.

இந்தத் தடவை ஆளை முதலில் வைத்து எழுதிப் பார் பாப்பா. சம்பவம் இன்னும் மோசமாக வரும். எழுதி முடித்த பிறகு, வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பன்