அம்மாவைக் கேட்காமல் எடுத்த முடிவு

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12.8.2011

அன்பு மகன் நந்தகுமாருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் வைஜெயந்தியும் குழந்தைகளும் நலம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை.

போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் நாளை சென்னை வரும் பக்கத்து வீட்டுச் சண்முகத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் நாம் இருவரும் பேசினோமே. எழுபத்தாறு வயதில் அவளை ஊசி, மருந்து என்று வதைக்க வேண்டாம், வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். அதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவளுக்குப் புரிய வேண்டாம் என்று இங்கிலீஷில் பேசினேன். பாதியிலேயே அவள் டாக்டரைப் பார்த்து இந்தியில், "டாக்டர் சாப், பீமார் மை ஹூம். முஜ்சே பூச்சோ" என்றாள். சீக்காளி நான், என்னைக் கேளுங்கள் என்று!

டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வயதை மட்டும் பார்க்க மாட்டார்களாம். இதயமும் கிட்னியும் தாங்குமா என்று பார்த்து மருந்தைக் குறைத்துக் கொடுப்பார்களாம். வாந்திக்கும் வலிக்கும் கூடவே மருந்து உண்டு, ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம், ஆனால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார். முழுதாகக் குணமாகுமா என்றும் அவளே கேட்டாள். சொல்ல முடியாது என்றார். தலையாட்டிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் என்னை நிறுத்தினாள். "சுனாமி அன்னிக்கு என் கையப் பிடிச்சு மேட்டுக்கு இழுத்துக்கிட்டு ஓடினீங்களே. வயசானவதானேன்னு விட்டுட்டா ஓடினீங்க? எனக்கு இன்னும் இருக்கணும்னு ஆசையா இருக்குங்க" என்றாள்.

நான் பயந்துதான் போயிருக்கிறேன் தம்பி. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். போன வாரம் குளியலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். இந்த உடம்பு அந்த மருந்தைத் தாங்குமா? அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவளோ புடவைகளை எடுத்து வைத்துவிட்டாள், கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொர்ணம்மாவிடம் சொல்லியும்விட்டாள்.

கப்பலில் மூன்று நாள் அவளால் முடியாது. விமானத்துக்குப் பதிவு செய். இந்த வயதில் எதற்கு என்று அங்கே யாரும் அவள் காதுபடப் பேச வேண்டாம், நீயும்தான். என்றைக்குப் போதும் என்கிறாளோ, அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். அதை அவள் வாயால் சொல்லட்டும்.

திரும்பி வருவதற்கும் இரண்டு டிக்கெட் எடுத்துவிடு. தேதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு டிக்கெட், மறந்துவிடாதே.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ராஜமாணிக்கம்