உப்புத் தண்ணீரில் கழுவிய கார்

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

முருகலட்சுமியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். விடுதி நிர்வாகத்தில் யாரும் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

போன வாரம் சிநேகா என்ற கோயம்புத்தூர்ப் பெண் இங்கே தங்கினாள். ஜப்பானிலிருந்து வரவழைத்த கறுப்புக் காரைத் தரையோடு ஒட்டும்படி தாழ்த்தியிருந்தாள். பத்திரிகைக்காக அதைத் தனுஷ்கோடியில் வெயில் ஏறுமுன் படம் எடுக்க வேண்டும். காவலாளி சின்னக்கருப்பன் உதவுவதாக நினைத்து, விடியுமுன்பே எங்கள் போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டான். அது உப்பு. காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளைத் திட்டு.

"பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான் கழுவுனேன் தாயி."

"இருக்குல்ல, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி!" என்றேன்.

சிநேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பாம். மறுபடி கழுவக் குடிநீர் கேன்களும் துடைக்க ஒரு துண்டும் கொடுத்தேன்.

"துண்டுல தொடச்சா கீறல் விழுந்துருமுங்க. மெல்லிசுத் துணி வேணும்."

மறைந்த என் வீட்டுக்காரர் விட்டுப்போன மல் வேட்டியைக் கொண்டுவந்து நானும் துடைத்தேன். பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டினாள். நான் படித்த கான்வென்ட்டின் சமையலறைகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"வேகத்தடை வந்தா என்னம்மா செய்வே?"

"சுத்திப் போவேனுங்க. வழியில்லீனா எறங்கி அழுவேனுங்க."

ஏழரைக்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

வேட்டியில் ஏறிய டயர்க் கறுப்புத்தான் போகவில்லை. இத்தனை நாளும் அந்த வேட்டியைத் தலையணைமேல் விரித்துத்தான் தூங்குவேன். உங்கள் வேட்டி ஒன்றை பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். புதியது வேண்டாம், நீங்கள் கட்டிப் பழகியதாக இருக்கட்டும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

தங்கை,
முருகலட்சுமி