முதலில் சரி என்றவருக்கு மட்டும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாத்தூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்று 'சிக்கன் அவுட்' நடத்தினேன். பயந்து பின்வாங்குவது. பரீட்சையில் எழுத வேண்டாம், பழகியவர்களிடம் பேசும்போது சொல்லலாம் என்றேன். சினேகா கேட்டாள்: "பயந்தவுக எல்லாருக்கும் சொல்லலாமா மிஸ்?" கூடாது. செய்கிறேன் என்று முதலில் ஒத்துக்கொண்டவர் பின்வாங்கினால்தான் பொருந்தும். தொடக்கத்திலேயே மாட்டேன் என்றவரை அப்படிச் சொல்ல முடியாது. நன்றாகத்தான் நடத்தினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு நாளை டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். தமிழ் தெரியாதவர்கள். மொழிபெயர்க்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். செய்தி தெரிந்து சினேகாவின் அம்மா இருளம்மாள் அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் அம்மாவும் ஒரே ரூம். நாலு பேர் உட்கார வேண்டிய வெடிமருந்து அடைக்கும் ரூமில், சீசன் என்று ஒன்பது பேரைப் போடுகிறார்கள். சோதனை வந்தால் ஐந்து பேரைப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள்.

"நீ இங்கிலீசுல சொல்லிரு ரோஷினி. ஒரு பொறி பட்டா ஒம்போது பேரும் போயிருவோம்."

சொல்கிறேன் அத்தை என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 8

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

நேற்று அதிகாரி நேராக என்னிடம்தான் கேட்டார், எப்போதும் இத்தனை பேர்தானா என்று. மேனேஜர் பக்கத்தில் நின்றார். ஜன்னல் வழியே காட்டுக்குள் அம்மாவின் மஞ்சள் சேலை தெரிந்தது. "யெஸ் சார், ஆல்வேஸ் ஃபோர்" — என் வாய்தான் சொன்னது.

அம்மா வேலை போயிரும்னு பயந்தேனா? பொய். மேனேஜர் முறைச்சாரு, அம்புட்டுதான்.

சாயங்காலம் அம்மா வாசலில் உட்கார்ந்து பாதத்தில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைதிருக்கலாம்ல?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன வாரப் பாடத்துக்குச் சொந்தமாக வாக்கியம் சொல்லச் சொன்னேன். சினேகா எழுந்தாள்.

"மை டீச்சர் சிக்கன்ட் அவுட். சரியா மிஸ்?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல? பிழையே இல்லை. கூனிக் குறுகி நின்றேன்.

ஆகஸ்ட் 13

அதிகாரி தந்துவிட்டுப் போன கார்டைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் பெயரையும். அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"ஐ சிக்கன்ட் அவுட், சார்."

மறுபடி வருகிறோம், இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் என்றார்.

செப்டம்பர் 2

அந்தச் சோதனைக்குப் பிறகு பூட்டிக் கிடந்த கம்பெனியை இன்று திறந்தார்கள்.

"மத்தவுகள வேற வேற ரூமுக்குப் பிரிச்சுட்டாக. நாங்க நாலே பேருதான். கால நீட்டி உக்காந்து வேல பாத்தேன்த்தா" என்றாள் அம்மா.

அவள் முகத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீட்டியிருந்த காலைத்தான் பார்த்தேன். முள் ஏறிய இடம் ஆறியிருந்தது.