பாலத்தின் நடுவில் எடுக்காத தண்ணீர்

அன்புள்ள வாலுவுக்கு அம்மா எழுதுவது. முப்பத்தொரு வயதுக்காரனை இன்னும் வாலு என்கிறாளே என்று முறைக்காதே, எனக்கு நீ எப்போதும் அதுதான். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி. டாக்டரிடம் போகலாம் என்றால், எல்லாம் தானா சரியாயிடும் என்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவதையும் அதே நம்பிக்கையில்தான் ஒரு மாதமாக விட்டு வைத்திருக்கிறார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் முகம் ஒட்டிப்போய்த் தெரிந்தது, வெளிச்சம் சரியில்லை என்று கதை விடாதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்கு நீ பேசிய சந்தோஷத்தில் எனக்கு வாய் வரவில்லை. ஆற்றை அளக்கும் நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்து ரிஜிஸ்டர்களில் ஐந்து வருஷத்துடையது உன் கைக்கு வந்திருக்கிறது, அதில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டாய் என்று குதித்தாய். மலை வருஷத்துக்கு எவ்வளவு கரையுதுன்னு நான் சொல்லப்போறது உன் எழுத்த வெச்சுத்தாம்மா என்றாய். பூமிக்கு அடியில் இரண்டு பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் மலை எழும்புகிறது, மழை அதை அரிக்கிறது, ஆறு மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது, பாரம் குறையக் குறைய மலை அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே வருகிறது என்று பொறுமையாக விளக்கினாய். அப்போ கடைசியில யாருடா ஜெயிப்பாங்க என்று கேட்டேன். மழை எப்படிப் பெய்யுதுங்கறதப் பொறுத்தும்மா என்றாய். நான் ரிஜிஸ்டர் எழுதிய அந்தக் காலத்தில் மலை மெதுவாகக் கரைந்தது, இப்போது மழை முரட்டுத்தனமாகப் பெய்வதால் இரண்டு மடங்கு கரைகிறது, இதுதான் உன் ஆராய்ச்சியின் முடிவு என்றாய். அங்கேதான் நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கு அப்போது நான்கு வயது, மூன்று நாள் பெரிய வெள்ளம். என் வேலை உனக்குத் தெரியும், தினம் பாலத்தின் நடுவுக்குப் போய்க் கயிற்றில் கட்டிய பாட்டிலை ஓடும் தண்ணீரில் இறக்கி நிரப்ப வேண்டும், அறைக்குக் கொண்டுவந்து தாளில் வடிகட்டி, தாளைச் சூட்டில் உலர்த்தி, தங்கிய மண்ணை எடை போட்டு எழுத வேண்டும். முதல் நாள் காலையில் பாலத்தில் பத்தடி வைத்தேன். மேலேயிருந்து உருண்டு வந்த பாறைகள் ஆற்றுக்குள் ஒன்றோடொன்று மோதுகிற அதிர்வு கைப்பிடிக் கம்பி வழியாக என் கைக்கு வந்தது. திரும்பிவிட்டேன். கரைப்படியில் குனிந்து, தண்ணீர் தேங்கி நிற்கிற ஓரத்தில் பாட்டிலை முக்கினேன். ஓரத்துத் தண்ணீரில் மண் கொஞ்சம்தான் இருக்கும், கனமானதெல்லாம் நடுவில்தான் ஓடும், இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், எடுத்த இடம் என்ற கட்டத்தில் பாலம், நடு என்று எழுதினேன். மூன்று நாளும் அப்படியே. நான்காம் நாள் வெள்ளம் வடிந்ததும் நல்ல பிள்ளையாகப் பாலத்துக்குப் போனேன். இன்ஜினீயர் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, இந்த வெள்ளத்துலயும் ஒரு நாள்கூட விடலியேம்மா என்று பாராட்டினார். அது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

பல வருஷம் உன்னைத்தான் சாக்காக வைத்திருந்தேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான், எனக்கு ஏதாவது ஆனால் அவன் கதி என்ன, அதனால்தான் போகவில்லை என்று. அது பொய்டா. அந்தப் படியில் நின்றபோது உன் நினைப்பே எனக்கு வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். பயந்ததில் தப்பில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.

கோடிக்கணக்கான வருஷத்து மலைக்கு முன்னால் என் மூன்று நாள் எம்மாத்திரம் என்று இந்த வாரம் முழுக்க மனசைத் தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை. இத்தனை வருஷம் பாட்டில் இறக்கியவளுக்கு ஒன்று தெரியும், எங்கள் ஆறு ஒரு வருஷத்தில் கொண்டுபோகிற மண்ணில் முக்கால்வாசி அந்த மாதிரி நாலைந்து நாளில்தான் போகும். மற்ற நாளெல்லாம் ஆறு சும்மா நடக்கிறது. மலை கரைந்த நாட்களில் மூன்றை நான் ஓரத்துத் தண்ணீரால் நிரப்பி வைத்திருக்கிறேன். அந்தக் காலம் உனக்கு இவ்வளவு சாதுவாகத் தெரிவது என்னால்கூட இருக்கலாம்.

அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன். இவ்வளவு வருஷமா இத வயித்துலயே வெச்சுக்கிட்டா இருந்த என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பையன் அடுத்த மாசம் எல்லார் முன்னாடியும் இந்த ஆராய்ச்சியப் பத்திப் பேசணுமே, இப்பப் போய்ச் சொல்லணுமா என்றார். பிறகு அவரே அந்த முழங்காலோடு மாடி ஏறிப்போய்க் கடிதத் தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

அந்த வருஷம் எட்டாம் மாதம் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, மூன்று நாளின் மண் அளவையும் அடித்துவிடு. நீர்மட்டத்தைக் கரையில் நின்றே தூணில் இருக்கிற கோடுகளைப் பார்த்து எழுதினேன், அதை மட்டும் நம்பலாம். உன் முடிவு நின்றால் சந்தோஷம். சாய்ந்தால் கோபத்தை என் மேல் காட்டு, கணக்கை வளைத்து நிமிர்த்தப் பார்க்காதே. உன் பேராசிரியர் காரணம் கேட்டால் யாரோ ஊழியர் செய்த தவறு என்று மழுப்ப வேண்டாம், எங்கம்மா பயந்துட்டாங்க என்று சொல்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இது கிடைத்ததும் கூப்பிடு, திட்டுவதற்காக இருந்தாலும் சரி, கூப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா