நூல் போடாத பலகை

1995 நவம்பர் 8
சோழபுரம் உரக்கடைச் சுவரில் விளம்பரம் எழுதி முடித்தாயிற்று. வயலை ஒட்டின கடை, கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. ராஜபாளையத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பீர் மைதீன் வந்து பார்த்து, "நூலே போடாம எப்டி மாப்ள எழுதுதே?" என்றான். நீலப்பொடி தடவிய நூலை இழுத்துத் தெறித்து, விழுகிற கோட்டைப் பார்த்து எழுதுவது கத்துக்குட்டிகள் வேலை. எனக்கு இருபது வருஷமாகக் கண்தான் நூல்.

நவம்பர் 11
காய்ச்சல். மண்டை பிளக்கிறது.

டிசம்பர் 6
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். மூளைக்காய்ச்சலாம். நாலு நாள் எனக்கு நினைவே இல்லையாம். கட்டின நாளிலிருந்து என் பேரைச் சொல்லாத இசக்கியம்மாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு "சங்கரலிங்கம், சங்கரலிங்கம்" என்று கத்தினாளாம். பீர் மைதீன் சொன்னான்.

டிசம்பர் 22
நான் சிரித்தாலும் அவள், "எம்மேல என்ன கோவம்?" என்கிறாள். கண்ணாடியில் பார்த்தேன். மரப்பாச்சி முகம். கை சும்மா இருந்தால் ஆடுகிறது. வாசற்படி வந்தால் கால் ஒட்டிக்கொள்கிறது. என்ன இது?

1996 ஜனவரி 19
மானம் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபம், அதற்கு உபயதாரர் பலகை. நாற்பது பேர். வழக்கம்போல் நூல் போடவில்லை. ஏணியை விட்டு இறங்கிப் பார்த்தால் — முதல் பேர் நாலு விரல் உயரம், கடைசிப் பேர் எறும்பு! எழுதும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் பட்டது, சத்தியமாக.

அந்தக் கடைசிப் பேர் உக்கிரபாண்டி அண்ணாச்சியுடையது. "ஏலே, எம் பேரை மட்டும் பூதக்கண்ணாடி வச்சா பாக்கணும்? யாரு சொல்லி இப்படிச் செஞ்ச? குடிச்சிருக்கியா?" கூட்டம் கூடிவிட்டது. எனக்கு உள்ளே நடுக்கம், முகத்தில் ஒன்றுமில்லை. அதைத் திமிர் என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவளும், "ஊதுங்க பாப்போம்." ஊதினேன். டர்பன்டைன் வாடைதான். அவள் அழுதாள். எழுத்தும் போச்சுன்னா நான் யாரு? எதுக்கு இருக்கேன்?

பிப்ரவரி 5
பீர் மைதீன் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனான். நரம்பு டாக்டர் என் பேரைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். பிறகு பையிலிருந்த இந்த நோட்டையும் வாங்கி, நவம்பர் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஜனவரியில் எழுத்து பாதியாகக் குறுகியிருந்தது. பார்க்கின்சன் நோய் மாதிரியேதானாம். ஆனால் வயதானவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற அது இல்லையாம். காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ் மூளையில் செய்துவிட்டுப் போன வேலையாக இருக்கலாம். இருக்கலாம் — அதற்கு மேல் சொல்லவில்லை.

"கை திரும்புமா சார்?"

"சிலருக்கு மாசக்கணக்குல குறையும். சிலருக்கு அப்படியே தங்கிரும். மாத்திரை சாப்பிடுங்க. கோடு போட்டு எழுதுங்க."

நானா? கோடா?

பிப்ரவரி 6
நோட்டில் கோடு போட்டு எழுதினேன். எழுத்து குறுகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 14
வாசலில் கால் ஒட்டி நின்றேன். இசக்கியம்மாள் பெட்டியில் கிடந்த என் பழைய நூலை எடுத்து வந்து தரையில் ஆறு கோடு தெறித்தாள். "எழுத்துக்கு ஆவுறது காலுக்கு ஆவாதா? தாண்டுங்க." தாண்டினேன். ஆறையும்!

மார்ச் 2
இன்று ஒரு கோட்டையும் தாண்ட முடியவில்லை. மாத்திரை குமட்டுகிறது. எத்தனை மாசம்? நமக்கு இப்படியே தங்கிருமோ?

ஜூலை 28
ஆட்டம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அண்ணாச்சி வீட்டுக்குப் போய் டாக்டர் சீட்டைக் காட்டி, பலகையைத் திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன். சீட்டை முழுக்கப் படித்தார். பிறகு, "எழுது. ஆனா எம் பேர்ல இருந்து ஆரம்பி. கை அசருறதுக்கு முந்தி" என்றார்.

ஆகஸ்ட் 23
நூல் போட்டு, கீழேயிருந்து மேலாக எழுதினேன். பத்து நாள் ஆனது. இசக்கியம்மாள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று நாற்பது பேரையும் சத்தமாகப் படித்தாள். ஒன்றுகூட இடறவில்லை. அடியில் "எழுத்து" என்று போட்டு என் பேர். அங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"அதையும் படி ஏட்டி."

"போங்க, உங்க பேரை நான் எப்படிச் சொல்ல?"

"ஆஸ்பத்திரியில அம்புட்டுச் சத்தமாச் சொன்னியாமே?"

"அப்ப உங்களுக்குக் கேக்கலைல்ல."

சிரித்தேன். கோபமா என்று அவள் கேட்கவில்லை.